என் பான் எண்ணில் யாரோ வாங்கிய கடன்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் என் பெயரில் ஏற்கெனவே ஒரு வாராக்கடன் இருப்பது தெரிந்தது. ஏதோ ஒரு கடன் செயலி வழியாக 40,000 ரூபாய் வாங்கி, ஒரு தவணைகூடக் கட்டவில்லை. அந்தச் செயலியின் பெயரையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். என் பான் எண் எங்கிருந்து போனது என்று இன்றுவரை தெரியாது. சிம் கார்டுக்கு, லாட்ஜுக்கு, கேஸ் இணைப்புக்கு என்று நாம் ஜெராக்ஸ் கொடுக்காத இடம் ஏது?

"சின்னத் தொகைதானே சார், செட்டில் பண்ணிட்டு வாங்க, ஃபைலை நகர்த்திடலாம்" என்றார் வங்கி மேலாளர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வசூல் ஏஜென்ட்டும் போனில் அதையேதான் சொல்லி, பாதித் தொகைக்குப் பேரம் பேசினார். இதைச் செய்யவே கூடாது. பணம் கட்டினால் கடன் நம்முடையதுதான் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி. அதோடு, பாதி கட்டி முடித்த கடன், நம் கடன் வரலாற்றைச் சொல்லும் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். அடுத்துக் கடன் தருகிறவர் அதையும் குறையாகத்தான் பார்ப்பார்.

முதல் வேலையாக அந்தக் கடன் அறிக்கைகளை எடுத்தேன். எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று கடன் விவரம் திரட்டும் நான்கு நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் பார்ப்பது நல்லது; ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

"இந்தக் கடன் என்னுடையது அல்ல" என்று ஆன்லைனில் ஆட்சேபம் பதிந்தேன். இந்த நிறுவனங்கள் தாமாக எதையும் நீக்குவதில்லை. கடன் கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சொல்வதைத்தான் போடுவார்கள். கடன் கொடுத்த நிறுவனமோ "சரிபார்த்தோம், விவரம் சரி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டது.

சரி, போலீஸ். நம் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. என் விஷயம் வேறு மாதிரி என்பதால் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போனேன். "உங்க பணம் எதுவும் போகலையே சார்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பெயர் போய்விட்டதே என்று விளக்கி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வந்தேன். அந்த ஒரு தாள் பிறகு எல்லா இடத்திலும் உதவியது.

காரியம் நகர்ந்தது அதற்குப் பிறகு எழுதிய கடிதத்தால்தான். கடன் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி யார் என்பதை அவர்களே இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். "நான் வாங்கவில்லை, நீக்குங்கள்" என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு அவருக்குக் கேள்விகளாக அனுப்பினேன். எந்த வங்கிக் கணக்கில் பணம் போட்டீர்கள்? விண்ணப்பத்தில் இருந்த செல்ஃபி எங்கே? எந்த மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. போனது? டிஜிட்டல் கடன் பணம், சில விதிவிலக்குகள் தவிர, கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. கடன் விவரத்தைத் திருத்தும் புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பதும் விதி. இரண்டையும் கடிதத்தில் குறிப்பிட்டேன்.

வந்த ஆவணங்களில் என் பான் எண்ணும் என் பெயரும் இருந்தன. செல்ஃபியில் இருந்தவர் எனக்கு மகன் வயதுள்ள யாரோ ஒரு பையன். பணம் போன வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது. இவ்வளவு வெட்டவெளிச்சமாக இருந்தும் "பரிசீலனையில் உள்ளது" என்றே இழுத்தார்கள். 30 நாள் கடந்ததும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் புகார் கொடுத்தேன். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்திடம் முதலில் புகார் செய்ததற்கான அத்தாட்சி மட்டும் வேண்டும். அப்புறம்தான், மோசடியாகப் பெறப்பட்ட கடன், எனக்குப் பொறுப்பில்லை என்ற கடிதம் கடன் நிறுவனத்திடமிருந்து வந்தது.

கடன் நீங்கிய பிறகும் அறிக்கையின் சொந்த விவரப் பகுதியில் அந்தப் பையனின் மொபைல் எண்ணும் முகவரியும் என்னுடையவை போல ஒட்டிக்கொண்டிருந்தன. பலர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தனியாக ஆட்சேபம் போட்டு நீக்க வைத்தேன். என் பெயரில் வேறு சிம் ஏதும் ஓடுகிறதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தேன், இல்லை. ஆதாரின் கைரேகைப் பதிவையும் பூட்டிவைத்திருக்கிறேன். தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். வசூல் ஏஜென்ட் இன்னும் எப்போதாவது அழைக்கிறார். அந்தக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.