உறைபனியில் வெடித்த பைப்பும் ஐந்நூறு யூனிட் கணக்கும்

2024 பிப்ரவரியில் வந்த கரண்ட் பில்லை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். 640 யூனிட், 3,110 ரூபாய். எங்கள் வீட்டில் ஏசி இல்லை, ஃபேன் இல்லை, ஊட்டி காந்தலில் ஃபேன் யாருக்கு வேண்டும்? ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, சில பல்புகள், மிச்சமெல்லாம் சுடுதண்ணீர்தான். மார்கழியிலும் தையிலும் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை இழுக்கும், பாத்திரம் கழுவக்கூட வெந்நீர் வேண்டும்.

அப்போதைய கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய், 501 ஆனால் 1,958. ஐந்நூறைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும், மேலே ஓடுவதற்கு அப்போது 8 ரூபாய், 9 ரூபாய் என்று ஏறியது. அதனால் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், குளிர்காலத்து பில் ஐந்நூறுக்குள் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வீட்டில் 4 பேர், ஆளுக்கு 30 லிட்டர், 13 டிகிரி தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 3.8 யூனிட், 60 நாளுக்கு 226. குளிக்க மட்டும் இவ்வளவு. கீசரைப் போட்டு மறந்துவிட்டுச் சமையலறைக்குப் போவதெல்லாம் இதில் சேராது.

அத்தை அந்தக் காலத்துச் செம்பு பாய்லரையே திரும்ப எடுக்கலாம் என்றார். "விறகு எரிஞ்சா எவ்வளவு போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும்மா, இது எங்க போகுதுன்னே தெரியல." அது நியாயம்தான், ஆனால் விறகு கிடைக்கும் காலம் போய்விட்டது, புகையில் அவருக்கே மூச்சு வாங்கும். கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். இங்கே குளிருக்குப் பயந்து பாத்ரூம் ஜன்னலை யாரும் திறந்து வைப்பதில்லை, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இருக்கிற வீடுகளில் தயவுசெய்து அதைப் பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்கள்.

குன்னூரில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் தோழி ஹீட் பம்ப் போட்டிருக்கிறாள், ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அது கீழ்நாட்டு வெயிலுக்கான கணக்கு. விடியற்காலை 4, 5 டிகிரியில் அந்த அளவுக்கு வராது, காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் காயிலில் பனி வேறு படியும். வாங்குகிறவர்கள் 5 டிகிரியில் எவ்வளவு தரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவள் டைமர் வைத்துப் பகல் 11 முதல் 3 வரை மட்டும் ஓட்டுகிறாள், நன்றாகவே இருக்கிறது. எங்களுக்கு விலை கட்டுப்படியாகவில்லை, வெயிலில் தண்ணீர் சூடாக்கும் சோலார் ஹீட்டர் என்று முடிவானது.

அந்தச் சமயத்தில்தான் பிரதமரின் சூர்ய கர் திட்டம் அறிவித்திருந்தார்கள், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று எல்லாரும் பேசினார்கள். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ஆதார், பாஸ்புக் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கவுன்டரில் இருந்தவர் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் வேறு அலுவலகத்துக்குக் கை காட்டினார். மறுவாரம் அங்கே போனேன். அங்கிருந்தவர் ஒரே வரியில் முடித்தார்: "இது கரண்ட் தயாரிக்கிற சோலாருக்கும்மா, தண்ணி சோலாருக்கு இல்ல." இந்த ஒரு வரியை முதல் ஆள் சொல்லியிருந்தால் எனக்கு அரை நாள் லீவு மிஞ்சியிருக்கும், அவ்வளவு கோபம் வந்தது. வாட்டர் ஹீட்டருக்கு முன்பு இருந்த மத்திய அரசு மானியம் நின்று பல வருடம் ஆகிவிட்டது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள், பேச்சு அதோடு நிற்கும்.

200 லிட்டர் சோலார் ஹீட்டர், வேக்குவம் டியூப் (உள்ளே வெற்றிடம் உள்ள கண்ணாடிக் குழாய்) வகை, ஃபிட்டிங்கோடு 34,000 ரூபாய். கோயம்புத்தூரில் வாங்கினோம். மே மாதம் கொண்டு வந்தார்கள். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது, ஃபிட்டர் பையன்கள் எடுக்காமல் கிளம்பி வந்து கீழேயே நின்றுவிட்டார்கள், ஒரு பகல் அதில் போனது.

டியூப்களை இறக்கும்போது ஒவ்வொன்றின் அடிமுனையையும் பார்த்து வாங்குங்கள். நல்ல டியூபின் அடியில் கண்ணாடி மாதிரி வெள்ளி மினுமினுப்பு இருக்கும், உள்ளே வெற்றிடம் போய்விட்டால் அந்த இடம் பால் போல வெளுத்துவிடும். எங்களுக்கு வந்ததில் இரண்டு வெளுத்திருந்தன. "தூசிக்கா" என்றான் பையன். முந்தானையால் துடைத்துக் காட்டினேன், போகவில்லை, அது உள்ளே இருக்கிற வெளுப்பு. ஃபோட்டோ எடுத்து, டெலிவரி சீட்டிலேயே "இரண்டு டியூப் பழுது" என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினேன். அந்தக் கையெழுத்து இருந்ததால்தான் மூன்று வாரம் கழித்தாவது மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்று, வெறும் டியூபை வெயிலில் மாட்டி வைத்துவிட்டு மத்தியானம் பச்சைத் தண்ணீர் விடக் கூடாது, சூட்டில் இருக்கும் கண்ணாடி படாரென்று விரிசல் விடும். பையன்கள் விடப் போனார்கள், எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துவிட்டு நிறுத்தினார், சாயங்காலம்தான் நிரப்பினோம்.

அப்புறம் மரம். பின்பக்கக் கான்கிரீட் மாடியில், பாத்ரூமுக்கு நேர் மேலே வைப்பதாகத்தான் பேச்சு. பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் நிழல் இரண்டு மணிக்கே அங்கே விழுந்துவிடும் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும்தான். "வெட்டச் சொல்லுங்க" என்று ஃபிட்டர் லேசாகச் சொல்லிவிட்டார். நீலகிரியில் மரத்தை அப்படியெல்லாம் வெட்டிவிட முடியாது, 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நம் தோட்டத்து மரமே ஆனாலும் அனுமதி வேண்டும். வெட்டுவதில் எனக்கும் விருப்பமில்லை. அதனால் டேங்கை மாடியின் மறுகோடிக்கு மாற்றினோம். பாத்ரூமுக்கு வரும் பைப் 60 அடி ஆனது. உங்கள் மாடியில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அந்த 60 அடிக்கு பிளம்பர் ஒரு இஞ்ச் பைப் போட்டுவிட்டார். தண்ணீர் நன்றாக வரும் என்றார், வந்தது, பச்சைத் தண்ணீராக வந்தது. அவ்வளவு நீள ஒரு இஞ்ச் பைப்பில் கிட்டத்தட்ட 8 லிட்டர் நிற்கும். ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் அரை பக்கெட் குளிர்ந்த தண்ணீர் முதலில் போக வேண்டும், பிறகுதான் சூடு வரும். மூடிய பிறகு அதே 8 லிட்டர் சூட்டோடு பைப்பில் நின்று ஆறிப்போகும். நான்கு பேர் இடைவெளி விட்டுக் குளித்தால் கூட்டிப் பாருங்கள்.

மே மாதம் அருமையாக இருந்தது. ஜூன் பிறந்ததும் வெயிலே இல்லை. தென்மேற்குப் பருவத்தில் ஊட்டி எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பகல் முழுக்கச் சாரலும் மஞ்சும். டேங்குக்குள் இருக்கும், கரண்டில் சூடாகும் 2 கிலோவாட் காயிலை ஆன் செய்து விட்டுவிடுங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். விட்டோம். ஆகஸ்ட் பில்லில் 610 யூனிட். சோலார் இல்லாத முந்தின வருடம் அதே இரண்டு மாதத்துக்கு 520தான்! அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க குளிக்கிறதுக்குச் சூடு பண்ணல, டேங்குக்குச் சூடு பண்றீங்க." கணக்குப் போட்டேன். 200 லிட்டரை 16-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஒரு தடவைக்கு 10 யூனிட்டுக்கு மேல். எங்களுக்கு வேண்டியதோ 120 லிட்டர், அதுவும் 40 டிகிரியில். மிச்சச் சூடு ராத்திரியெல்லாம் மாடியில் ஆறி, திரும்பக் காயில் ஓடி, திரும்ப ஆறி. அவர் காயிலின் ஒயரையே கழற்றிவிட்டார். நாங்கள் கழற்றிப் பரணில் போட்டிருந்த 15 லிட்டர் கீசரைத் திரும்பப் பாத்ரூமில் மாட்டி, ஒரே வால்வை அந்தப் பக்கம் திருப்பினால் சோலார், இந்தப் பக்கம் திருப்பினால் கீசர் என்று செய்து கொடுத்தார். குளிக்க 20 நிமிடம் முன்னால் போடுவது, முடிந்ததும் அணைப்பது. பழைய கீசரை விற்றுவிடாதீர்கள்.

டிசம்பர் கடைசி வாரம். விடிகாலை ஐந்தரை இருக்கும், மாடியில் டப்பென்று ஒரு சத்தம். டார்ச்சோடு ஏறினேன். செடித் தொட்டியின் மண்ணெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெள்ளை. சின்டெக்ஸிலிருந்து சோலார் டேங்குக்குப் போகும் பைப்பின் எல்போ, அதாவது வளைவு, நீளவாக்கில் பிளந்திருந்தது, பிளவுக்குள் சுண்டு விரல் கனத்துக்கு ஐஸ், கண்ணாடித் துண்டு மாதிரி. தொட்டுப் பார்த்தேன், விரல் ஒட்டிக்கொண்டது. அப்போது தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. எட்டு மணிக்கு வெயில் பட்டதும் ஐஸ் உருகி, மாடியெல்லாம் ஓடிப் படிக்கட்டில் இறங்கியது. சூடு போகும் பைப்புக்கு மட்டும் நுரை உறை போட்டிருந்தார்கள். பச்சைத் தண்ணீர் பைப்புக்கு எதற்கு என்று பிளம்பர் விட்டுவிட்டார், மலையில் முதலில் உறைவதே அதுதான்.

கடைக்கு ஃபோன் செய்தேன். வாரண்டி அட்டையைப் படியுங்கள் என்றார்கள். கடைசிப் பக்கத்தில், வாரண்டி பொருந்தாதவை என்று இடி, வெள்ளம் என்ற வரிசையில், உறைபனி. "ஊட்டிக்குத்தான் என்று தெரிந்துதானே விற்றீர்கள்?" என்று கேட்டேன். லைனை வைத்துவிட்டார்கள். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள், உறைபனி என்ற சொல் இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

சரி, வேறு வழியில்லை, ஒரு வாரம் வேலை வைத்து, 9,000 ரூபாய் செலவழித்து எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தினோம். பாத்ரூம் லைனை முக்கால் இஞ்சாக மாற்றினோம், நிற்கும் தண்ணீர் 5 லிட்டருக்குள் வந்துவிட்டது. அரை இஞ்ச் போட்டால் இன்னும் குறையும், ஆனால் எங்கள் டேங்க் உயரத்துக்கு நூல் மாதிரிதான் வரும். சூடு, பச்சை இரண்டு பைப்புக்கும், எல்போ, டீ ஜாயின்ட் எதையும் விடாமல் உறை. வெறும் கறுப்பு நுரை மலை வெயிலில் ஒரே வருடத்தில் பொடிந்துவிடும், மேலே அலுமினிய டேப் சுற்றச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீர் லைனின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்தோம். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற ராத்திரிகளில் சின்டெக்ஸ் வால்வை மூடி, வடிகாலைத் திறந்து பைப்பைக் காலி செய்துவிட்டுத்தான் படுக்கிறோம். டேங்குக்கும் டியூபுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உறைபனி விழுகிற நாட்களில்தான் பகலில் வெயில் நன்றாக அடிக்கும். ஜனவரி முழுக்கக் கீசர் பக்கமே போகவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிக்கப் பழகிவிட்டோம், அப்போது தண்ணீர் கை வைக்க முடியாத சூடு.

2025 பிப்ரவரி பில் வந்தது. 484 யூனிட், 1,704 ரூபாய், அதுவும் நடுவில் கட்டணம் ஏறிய பிறகு. பைப் உடைந்து கீசரில் ஓட்டிய அந்த ஒரு வாரமும் இதில் சேர்த்தி. அத்தையிடம் பில்லைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, பழைய பில்லோடு சேர்த்துப் பீரோவிலேயே வைக்கச் சொன்னார். ராத்திரி வடிகால் வால்வைத் திறக்கிற வேலையை இப்போது அவரேதான் ஞாபகப்படுத்துகிறார், ஒன்பது மணிக்குச் செய்தி முடிந்ததும்.