மச்சுக்குப் பெட்டி ஏற்ற ஒரு ஹாய்ஸ்ட்

கும்பகோணத்திற்கு அருகே எங்கள் பழைய ஓட்டு வீட்டில், காமிரா உள் என்று நாங்கள் சொல்லும் உள்ளறைக்கு மேலே பலகை பாவிய மச்சு ஒன்று இருக்கிறது. கொலு பொம்மைகள் அடைத்த ஐந்து டிரங்குப் பெட்டிகளும், விசேஷ நாட்களில் மட்டும் இறங்கும் வெண்கலப் பானைகளும் பித்தளை அண்டாக்களும் அங்கேதான் இருக்கின்றன. சென்ற ஆண்டு நவராத்திரி முடிந்து பெட்டிகளை ஏற்றும்போது 72 வயதான அப்பாவின் கால் ஏணிப்படியில் வழுக்கியது. பெட்டி என் தோளில் தங்கியதால் அவருக்கு அடிபடவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த கொலுவுக்குள் ஒரு ஹாய்ஸ்ட், அதாவது மோட்டாரால் கம்பிவடத்தைச் சுருட்டிப் பாரம் தூக்கும் இயந்திரம், பொருத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறிய ஹாய்ஸ்டுகளில் '100/200 கிலோ' என்று எழுதியிருப்பார்கள். கம்பிவடம் ஒற்றையாக இறங்கினால் 100 கிலோ, கொக்கிச் சகடையில் மடித்துப் போட்டால் 200 கிலோ. மடித்துப் போடும்போது வேகமும் தூக்கும் உயரமும் பாதியாகும். எங்களிடம் இருப்பதிலேயே கனமான அண்டாவை நெல் எடைபோடும் தராசில் வைத்துப் பார்த்தோம், 46 கிலோதான். ஆகவே ஒற்றை வடமே போதும் என்று தீர்மானித்தோம்.

எதில் தொங்கவிடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. தலைக்கு மேலே ஓடும் தேக்குக் கைமரத்தைக் காட்டி, இதிலேயே மாட்டிவிடலாமா என்று தச்சு ஆசாரியிடம் கேட்டேன். "தம்பி, கைமரம் ஓட்டைத் தாங்க வெச்சது. நடுவுல ஒரு பாரத்தைத் தொங்கவிட வெச்சதில்லை" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். காமிரா உள்ளின் இரு பக்கச் சுவர்களும் மச்சுக்கு மேலும் எழும்பி நிற்பதால், 6 அடி இடைவெளியில் 4 மில்லிமீட்டர் கனமுள்ள 2 அங்குலச் சதுர இரும்புக் குழாயைக் குறுக்கே போட்டோம். சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது என்பதால், குழாயின் முனைகள் செங்கல்லில் நேரடியாக அழுந்தாதபடி கொத்தனார் இரு பக்கமும் சிறு கான்கிரீட் படுக்கை போட்டு, 7 நாட்கள் நீர் ஊற்றினார். மச்சுக் கதவின் திறப்பு 2 அடிச் சதுரம். பெட்டியின் நீளமோ இரண்டரை அடி. குறுக்குக் கட்டைகளைத் தொடாமல், அவை ஓடும் திசையிலேயே பலகையை மட்டும் அறுத்துத் திறப்பை நீட்டினோம்.

அத்தனையும் செய்துவிட்டு உயரக் கணக்கில்தான் நான் தவறினேன். குழாய் மச்சுத் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் இருந்தது. அதுவே தாராளம் என்று நம்பிவிட்டேன். ஹாய்ஸ்டின் உடலும், கொக்கி மேலே முட்டாமல் மோட்டாரை நிறுத்தும் நெம்புகோலும் சேர்ந்து 2 அடியை எடுத்துக்கொண்டன. பெட்டியைச் சுற்றிக் கட்டிய பட்டை கொக்கி வரை மூன்றரை அடி; பெட்டியின் உயரம் ஒன்றரை அடி. மொத்தம் 7 அடி. முதல் முறை ஏற்றியபோது, பெட்டியின் அடிப்பாகம் மச்சுத் தரைக்கு அரை அடி கீழே அந்தரத்தில் நின்றுவிட்டது.

பட்டையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறுக்கிவிடலாம் என்றான் என் தம்பி. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பட்டையின் இரு கைகளும் படுக்கப் படுக்க, அவற்றின் மேல் விழும் இழுவிசை கூடிக்கொண்டே போகும். தரைக்கு 45 பாகைச் சாய்வில் நின்றால் 40 கிலோ பெட்டிக்கு ஒவ்வொரு கையிலும் ஏறக்குறைய 28 கிலோ. 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழு 40 கிலோ. பெட்டியின் தகர விளிம்பும் உள்நோக்கி நசுங்கும். ஆகவே 45 பாகையோடு நிறுத்திக்கொண்டு, விளிம்புகளுக்கு இடையே ஆசாரி செய்து கொடுத்த மரச்சட்டம் ஒன்றை வைத்தோம். கொக்கி வரை ஒன்றேகால் அடிதான் ஆயிற்று. இப்போது பெட்டி மச்சுத் தரைக்கு மேல் ஒன்றே முக்கால் அடி எழும்புகிறது.

அந்தப் பகுதியின் பழைய வயரிங்கில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன் புதிதாக எர்த் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திய பிறகே இயந்திரத்திற்கு மின்சாரம் கொடுத்தோம். சோதனைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் இரண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி அரைமணி நேரம் விட்டோம். பிரேக் இம்மியும் இறங்கவில்லை. குழாயின் அடியில் இழுத்துக் கட்டியிருந்த நூலை வைத்துப் பார்த்ததில் நடுப்பகுதி 2 மில்லிமீட்டர் அளவே தொய்ந்திருந்தது. மூட்டையை இறக்கியதும் மீண்டும் நேரானது.

ஒற்றை வடத்தில் தொங்கும் பெட்டி மெல்லச் சுழலும். அதன் காதில் ஒரு கயிற்றைக் கட்டி, ஒருவர் தள்ளி நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். நேர் கீழே எவரும் நிற்கக்கூடாது. வடம் முழுவதும் இறங்கினாலும் உருளையில் குறைந்தது மூன்று சுற்றுகள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதால் அந்த இடத்தில் சிவப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறோம்.

இந்தப் புரட்டாசியில் ஐந்து பெட்டிகளும் அரைமணி நேரத்தில் இறங்கின. அப்பா ஏணிப் பக்கமே போகவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, கையில் கயிற்றைப் பிடித்திருந்தார். திறப்பைச் சுற்றி மேலே இடுப்பளவு கைப்பிடி ஒன்று வைக்க வேண்டியிருக்கிறது. ஆசாரியிடம் சொல்லியாயிற்று, அது வரும்வரை மச்சுக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம்.