வெயிலில் கண் வைக்க ஒரு துளை

மே மாதம், காலை பத்தரை மணி, தூத்துக்குடி உப்பளம். கையில் சின்ன கேமரா. அதன் பின்பக்கத் திரையில் தெரிவது என் முகமும் முகத்துக்குப் பின்னால் கொஞ்சம் வானமும். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிவிட்டேன். அப்படியும் ஒன்றும் தெரியவில்லை. உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது. பாத்தித் தண்ணீரிலும் குவித்து வைத்த உப்பு அம்பாரத்திலும் பட்டு, கீழேயிருந்தும் எழும்பி முகத்தில் அடிக்கும். தொப்பி போட்டாலும் பாதி வெயிலுக்குத்தான் மறைப்பு.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாகக் கண் பார்த்து பவர் எழுதுவதுதான் தொழில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா. அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அந்த வெள்ளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அதைப் படமாக்க ஆரம்பித்த பிறகுதான், சின்ன டிஜிட்டல் கேமராவில் இரண்டு விஷயங்கள் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று புரிந்தது. ஒன்று, கண்ணை எங்கே வைத்துப் பார்க்கிறோம். இன்னொன்று, ஃபோகஸை அது எப்படிப் பிடிக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கேமரா பற்றிப் பேசினால் மெகாபிக்சல் கேட்பார்கள், ஜூம் கேட்பார்கள். இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

முதலில் கண். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகத் தொடங்கும். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அது கொஞ்சம் தடிக்க வேண்டும். வயதாக ஆக அது தடிக்க மறுக்கும். இதைத்தான் நம் ஊரில் வெள்ளெழுத்து என்கிறோம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு +1.50 எழுதுவேன். ஐம்பத்தைந்தில் +2.25 ஆகிவிடும். இப்படிப்பட்டவர் சின்ன கேமராவை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். கையை முழுக்க நீட்டி, கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொள்வார். பேப்பர் படிக்கும்போதும் அதே நிலைதான். கை அவ்வளவு தூரம் நீண்டால் கேமரா ஆடத்தான் செய்யும். ரீடிங் கிளாஸைப் போட்டுக்கொண்டால் திரை தெரியும், எதிரே நிற்கும் ஆள் மங்கிவிடுவார்.

வியூஃபைண்டரில், அதாவது கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் துளையில், இந்தச் சிக்கல் கிடையாது. துளை கண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கும் லென்சுகள் படத்தைத் தள்ளி, ஒரு மீட்டருக்கோ அதற்கும் அப்பாலோ இருப்பதுபோல் காட்டுகின்றன. தூரப் பார்வைக் கண்ணாடியே போதும். ஓரத்தில் டயாப்டர் சக்கரம் இருந்தால் நம் பவருக்கு ஏற்றபடி கொஞ்சம் திருப்பியும் வைத்துக்கொள்ளலாம். கேமராவும் நெற்றியில் முட்டி அசையாமல் நிற்கும்.

அப்படிப்பட்ட துளை ஏன் காணாமல் போனது? 1995-இல் கேசியோ க்யூவி-10 வந்தது. அதன் பின்பக்கத்தில் 1.8 அங்குலத் திரை. லென்ஸ் பார்ப்பதை அப்படியே நேரில் பார்க்கலாம் என்பது அன்று பெரிய அதிசயம். பிறகு திரை இரண்டரை அங்குலம் ஆனது, மூன்று ஆனது. கேமரா மட்டும் அதே அளவு. திரைக்கு இடம் தேவைப்பட்டது, துளையை எடுத்தார்கள். கேனானின் ஜி வரிசையில் மட்டும் அது நெடுநாள் தாக்குப்பிடித்தது. கண்ணாடித் துளையோடு அந்த வரிசையில் கடைசியாக வந்தது 2013-இன் ஜி16.

என்னிடம் இருப்பது அதற்கும் பழையது, 2008-இல் வந்த ஜி10. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உள்ளே இருப்பது எளிமையான அமைப்பு. சில லென்சுகள், ஜூமோடு சேர்ந்து நகரும் பாகங்கள். மின்சாரமே வேண்டாம். கேமராவை அணைத்துவிட்டுக்கூட அதன் வழியே எதிரே பார்க்கலாம். குறை என்னவென்றால், படத்தில் விழுவதில் சுமார் 77 விழுக்காட்டைத்தான் அது காட்டும். துளையில் தெரியாத வேலியும் மோட்டார் குழாயும் படத்தில் வந்து நிற்கும். அது தெரிந்து எடுத்தால் நஷ்டமில்லை, ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். உப்பு வாருகிறவர் பலகையை இழுக்கும் அந்த ஒரு நொடியைத் தவறவிட்டால் வெட்டி ஒட்ட எதுவும் இருக்காது.

துளையின் உண்மையான குறை வேறு. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு ஆச்சி. அம்பாரத்தில் கூடை சுமப்பவர், அப்பா காலத்திலிருந்தே பழக்கம். அப்போது என்னிடம் இருந்தது இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் வேறொரு சின்ன கேமரா. அதிலும் துளை உண்டு. ஆச்சி முகத்தைக் கிட்டத்தில் வைத்து, துளை வழியே ஒழுங்காகப் பார்த்துத்தான் எடுத்தேன். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யய்யா, என் தலையில பாதிய எங்கய்யா விட்ட?"

நெற்றிக்கு மேலே ஒன்றுமே இல்லை. சும்மாடும் இல்லை, அதன் மேல் இருந்த கூடையும் இல்லை. துளை இருக்கும் இடம் வேறு, லென்ஸ் இருக்கும் இடம் வேறு. அந்தக் கேமராவில் துளை லென்ஸுக்கு மேலே ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர். ஆள் எங்கே நின்றாலும் இந்த நாலு சென்டிமீட்டர் மாறாது. ஐந்து மீட்டர் தள்ளி நின்றால், 35 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணத்தில் படத்தின் உயரம் மூன்று மீட்டருக்கு மேல். அதில் நாலு சென்டிமீட்டர் கண்ணில் படாது. அறுபது சென்டிமீட்டரில் நின்றால் படத்தின் உயரமே நாற்பது சென்டிமீட்டர்தான். அதில் நாலு போனால் பத்தில் ஒரு பங்கு போச்சு. ஆச்சியின் சும்மாடு அந்தப் பத்தில் ஒன்றில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒரு மீட்டருக்குள் போனால் நான் துளையைத் தொடுவதில்லை. பாத்தி ஓரத்தில் உப்பு பூக்கிற படிகத்தை எடுக்க, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு திரையைத்தான் பார்க்கிறேன். அந்த வேலைக்குத் திரைதான் சரி. ரீடிங் கிளாஸும் சட்டைப் பையில் இருக்கும்.

இனி ஃபோகஸ். இந்தத் துளை ஃபோகஸைக் காட்டாது. அதில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். பட்டனைப் பாதி அழுத்தினால் அது பச்சையாக நின்று எரிய வேண்டும். மினுக்கினால் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உப்பளத்தில் அது அடிக்கடி மினுக்கும். அதன் காரணத்தை என் தொழிலை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

கண் பரிசோதிக்கும்போது சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?" என்று கேட்போம். நல்லாருக்கு, இன்னும் நல்லாருக்கு, இன்னும், இப்ப மங்குது. மங்குகிறது என்று சொன்ன பிறகுதான் முந்தின லென்ஸ் சரியென்று தெரியும். ஒரு படி தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். பழைய சின்ன கேமராக்களில் இருக்கும் கான்ட்ராஸ்ட் ஃபோகஸ் அச்சாக இதேதான். லென்ஸை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் படத்தின் கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை அளக்கும். உச்சத்தைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் திரும்பி வந்து நிற்கும். நிற்கும் இடம் துல்லியமாக இருக்கும். நேரம்தான் பிடிக்கும்.

எழுத்தே இல்லாத வெறும் வெள்ளை அட்டையை மாட்டி வைத்துவிட்டு "எது நல்லா தெரியுது?" என்று கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? அம்பாரத்தின் நடுவில் ஃபோகஸ் கட்டத்தை வைப்பது அதற்குச் சமம். எங்கே லென்ஸை நகர்த்தினாலும் வெள்ளைதான், வித்தியாசம் அளக்க ஒன்றுமில்லை. கேமராவிடம் ஏதாவது ஓர் எழுத்தைக் காட்ட வேண்டும். அம்பாரத்தின் விளிம்பும் வானமும் சேரும் கோடு, அதே தூரத்தில் நிற்பவரின் சேலைக் கரை, கூடையின் வாய், எது கிடைக்கிறதோ அதில் கட்டத்தை வைத்துப் பாதி அழுத்த வேண்டும். பச்சை நின்றதும் விரலை எடுக்காமல், எடுக்க நினைத்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இன்னொரு பழக்கம் உப்பளம் கற்றுக்கொடுத்தது. பாத்திகளைப் பிரிக்கும் வரப்புகள் எல்லாம் தூரத்தில் படுக்கைக் கோடுகளாகத் தெரியும். பழைய சின்ன கேமராக்கள் பலவும் வித்தியாசத்தைப் படுக்கைவாட்டில்தான் தேடும். படுக்கைக் கோடு அவற்றின் கண்ணில் படாது. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பாதி அழுத்தி, பிறகு பழையபடி திருப்பினால் பிடித்துக்கொள்ளும்.

லென்ஸ் மாற்றிக் கேட்காமல் பவர் கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னொரு வழி உண்டு, ரெட்டினாஸ்கோப். கண்ணுக்குள் வெளிச்சத்தை அசைத்துப் பார்த்தால், உள்ளே தெரியும் ஒளி அசைவோடு சேர்ந்து போகும், இல்லை எதிராகப் போகும். பிளஸ்ஸா மைனஸா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். பேசத் தெரியாத குழந்தைக்கும் பவர் பார்ப்பது இப்படித்தான். கேமராவின் ஃபேஸ் டிடெக்ஷன் ஃபோகஸ் (phase, முகத்தைக் கண்டுபிடிக்கும் face அல்ல) இதற்கு நெருங்கின சொந்தம். படம் விழும் சில்லான சென்சாரில் சில புள்ளிகளைப் பாதி மறைத்து வைத்திருப்பார்கள். இடப்பக்கம் வரும் ஒளி ஒரு படம், வலப்பக்கம் வரும் ஒளி இன்னொரு படம். இரண்டும் எந்தத் திசையில், எவ்வளவு விலகி இருக்கின்றன என்பதைப் பார்த்து லென்ஸ் நேராக அங்கே போய்விடும். 2010-இல் ஃபுஜிஃபிலிம் எஃப்300இஎக்ஸ்ஆர் என்ற சின்ன கேமராவில் இதைச் சென்சாரிலேயே கொண்டுவந்தார்கள். ஓடுகிற பிள்ளைகளை எடுக்க இது பெரிய உதவி. வெறும் வெள்ளையில் இதுவும் தடுமாறும். இரண்டு வெள்ளைகளை வைத்துக்கொண்டு விலகலை எப்படி அளப்பது?

அதனால் நான் பெரும்பாலும் ஆட்டோ ஃபோகஸையே அணைத்துவிடுகிறேன். சின்ன சென்சாரின் பெரிய வரம் இது. ஜி10-இன் அகலக் கோணத்தில் லென்ஸின் குவிய தூரம் 6.1 மி.மீ. மட்டுமே. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் வாய் திறக்கும் அளவை, எஃப் 4-இல் வைத்து, கையால் ஃபோகஸை ஒன்றரை மீட்டரை ஒட்டி நிறுத்தினால், கணக்குப்படி முக்கால் மீட்டர் சொச்சத்திலிருந்து அடிவானம் வரைக்கும் ஏற்கத்தக்க தெளிவு கிடைத்துவிடுகிறது. வீட்டிலேயே, நிழலில், ரீடிங் கிளாஸ் போட்டுத் திரையைப் பார்த்து இதைச் செட் செய்துவிடுவேன். ஜூமைத் தொடமாட்டேன். உப்பளம் போய்ச் சேர்ந்தால் துளை, கண், விரல் மட்டும். பச்சை விளக்கை எதிர்பார்க்கத் தேவையில்லை. அழுத்தினதும் எடுக்கும்.

ரிக்கோ ஜிஆர் கேமராக்களில் இதற்கென்றே ஸ்நாப் ஃபோகஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 2005-இல் வந்த முதல் டிஜிட்டல் ஜிஆரிலேயே உண்டு. ஒரு தூரத்தைச் சொல்லி வைத்துவிட்டால், பட்டனை ஒரே மூச்சில் அழுத்தும்போது தேடாமல் அந்தத் தூரத்திலேயே எடுக்கும். 2019-இன் ஜிஆர் 3-இல் சென்சார் பெரியது, லென்ஸ் 18.3 மி.மீ. இரண்டு மீட்டரும் எஃப் 8-உம் வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து தூரம் வரை கிடைக்கும். மிக நல்ல யோசனை. ஆனால் அதில் வியூஃபைண்டர் இல்லை. மேலே தனியாக 28 மி.மீ. துளை ஒன்றை வாங்கிச் செருகிக்கொள்ள வேண்டும்.

மின்னணு வியூஃபைண்டரையும் பார்த்திருக்கிறேன். 2014-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாவது மாடலில், உள்ளே ஒளிந்திருந்து மேலே எழும்பும் குட்டி வியூஃபைண்டர். அவ்வளவு சின்ன உடம்பில் அதைப் பொருத்தியவர்களைக் கும்பிட வேண்டும். அதில் தலை வெட்டுப்படாது, ஃபோகஸும் தெரியும். ஆனால் உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண்மணிக்கு அந்தக் குட்டித் திரை ஓர் இருட்டு அறை மாதிரி இருக்கிறது. பழகச் சில நொடி பிடிக்கும். கண்ணாடித் துளையில் வெயில் வெயிலாகவே தெரியும்.

இரண்டையும் ஒன்றாக்கியது ஃபுஜியின் எக்ஸ்100, விற்பனைக்கு வந்தது 2011-இல். முன்னால் இருக்கும் ஒரு நெம்புகோலைத் தட்டினால் கண்ணாடித் துளை, மறுபடி தட்டினால் மின்னணுப் படம். கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒரு வெள்ளைச் சட்டம் உள்ளே மிதக்கும். சட்டத்துக்கு வெளியேயும் தெரிவதால் ஆள் உள்ளே வரப்போவது முன்கூட்டியே தெரியும். பட்டனைப் பாதி அழுத்தினால் அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி சட்டம் நகர்ந்து நிற்கும். ஆச்சியின் சும்மாட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஏற்பாடு. 2024-இன் எக்ஸ்100 ஆறாவது மாடல் வரைக்கும் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். விலைதான் என் கைக்கு எட்டவில்லை.

போன மாசி மாதம் ஆச்சியை மறுபடியும் எடுத்தேன். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, அதே ஜி10, அதே எஃப் 4. துளையில் கூடைக்கு மேலே நாலு விரல் வானம் விட்டே எடுத்தேன். பிரிண்டைக் கொடுத்ததும் வாங்கிக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார், கழுத்து பின்னால் போனது.

"தல இருக்கா ஆச்சி?"

"இருக்குய்யா. மூஞ்சிதான் யாருன்னு தெரியல."

பையிலிருந்த ரீடிங் கிளாஸை எடுத்துக் கொடுத்தேன். +2.00 தான், அவருக்கு அது பத்தாது. அதைப் போட்டுக்கொண்டு படத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். நாளைக்குக் கடைக்கு வாங்க, சரியான பவர் பார்த்துத் தருகிறேன் என்றேன். வேலை முடிய மூணு மணி ஆகும், நாலு மணிக்கு வருவேன் என்றார்.