மன்னிப்புக்கு யார் விலை கொடுப்பது?

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிப்போம், முதல் வார்த்தையே மன்னிப்புதான். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே." இதைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் இயேசுவின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசிவிட்டு இரண்டாம் வார்த்தைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கையில் ஆணி இறங்கியிருக்கும்போது சொன்ன வார்த்தை அது. மன்னிப்பைத் தனியாகவும் பலியைத் தனியாகவும் பேச முடியாது என்றே நான் நம்புகிறேன்.

மத்தேயு 18-இல் வரும் கடன்காரன் கதை எல்லோருக்கும் தெரியும். ராஜாவுக்கு அவன் கொடுக்க வேண்டியது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது அந்தக் காலக் கூலியாள் ஒருவனுக்குச் சுமார் 6,000 நாள் சம்பளம், அப்படியானால் மொத்தம் ஆறு கோடி நாள் கூலி, எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது. ராஜா மனதிரங்கி விட்டுவிட்டார். சரி, அந்தப் பணம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, கஜானாவில் துண்டு விழுந்தது விழுந்ததுதான், அந்த நஷ்டம் ராஜாவுடையது. அவன் சுமக்க வேண்டியதை அவர் சுமந்தார்.

பழைய ஏற்பாட்டில், பலிகளின் முறைகளைச் சொல்லும் லேவியராகமத்தில், பலி கொண்டுவருகிறவன் அந்த மிருகத்தின் தலைமேல் தன் கையை வைக்க வேண்டும். தூரத்தில் நின்று பார்க்க முடியாது, அதன் சூடும் நடுக்கமும் அவன் உள்ளங்கையில் படும். பாவத்துக்கு ஓர் உயிர் போகிறது என்பதை அவன் தொட்டே தெரிந்துகொள்ள வேண்டும். சிலுவையில் பலி கேட்கிறவரே பலியாகிறார். கோபமாக இருந்த கடவுளைச் சமாதானப்படுத்த யாரோ ஓர் அப்பாவியைக் கொன்றார்கள் என்று சிலுவையைப் புரிந்துகொள்கிறவர்கள் 2 கொரிந்தியர் 5:19-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும், கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தை ஒப்புரவாக்குவது தேவனேதான்.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு கிளாடிஸ் ஸ்டெயின்ஸ்தான் நினைவுக்கு வருவார். 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் அவருடைய கணவரான ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாமும், மகன்களான பத்து வயது பிலிப்பும், ஆறு வயது தீமோத்தேயுவும் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கும்பல் வைக்கோலைப் போட்டு வண்டியைக் கொளுத்தியது. மூன்று பேரும் உள்ளேயே எரிந்துபோனார்கள். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு 1965 முதல் வேலை செய்துவந்தவர் கிரஹாம். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன், அவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்று கிளாடிஸ் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு உடனே ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிடாமல், அதே தொழுநோய் இல்லத்தில் பல வருடம் இருந்து கணவர் விட்ட வேலையைத் தொடர்ந்தார். அப்புறம் ஒன்று, மன்னித்தார் என்பதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முக்கியக் குற்றவாளிக்குக் கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றமும் ஆயுளையே உறுதி செய்தது. தண்டனை சட்டத்தின் வேலை. மன்னிக்கும் வேலை அவருடையது, அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார். வேறு யாரும் அவருக்காகக் கொடுத்திருக்க முடியாது.

அதனால்தான் நம் சபைகளில் நடக்கிற ஒரு காரியம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. புருஷன் கையால் அடிபட்டு ஒரு பெண் வந்து நின்றால், "மன்னிச்சிடும்மா, ஏழெழுபது தரம்னு ஆண்டவரே சொல்லியிருக்கார்" என்று ஜெபம் பண்ணி அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அடித்தவனை யாரும் கூப்பிட்டுக்கூடப் பேசுவதில்லை. அடுத்தவர் ரத்தத்தை எடுத்து நாம் பலி செலுத்தக் கூடாது. அவள் மன்னிப்பாளா, எப்போது மன்னிப்பாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். அவள் மன்னித்தாலும் போலீஸில் புகார் கொடுக்கலாம், தனியாக வீடு பார்த்துப் போகலாம், அதில் வேத விரோதம் ஒன்றும் இல்லை. போதகரய்யாவுக்கு வசனம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அந்தப் புருஷனிடம் போய், வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையை வாசித்துக் காட்டட்டும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்ன இடத்தை.