அட்டவணைக் கேள்வியும் அம்மாவின் மீன் கணக்கும்

எம்.ஏ. பொருளியலில் புள்ளியியல் தாள் முதல் முறை எழுதியபோது, அட்டவணை கொடுத்து "விளக்கிச் சுருக்கமாக எழுதுக" என்று கேட்ட 10 மதிப்பெண் கேள்வியில் எனக்கு 3தான் கிடைத்தது. கணக்கில் தப்பே இல்லை. கூட்டுச்சராசரி, இடைநிலை அளவு (எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது), திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) எல்லாம் போட்டிருந்தேன், விடையும் சரி. விடைத்தாள் நகல் வாங்கிப் பாடம் எடுத்த மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "அட்டவணையில் இருப்பதையே வாக்கியமாக மாற்றி எழுதியிருக்கிறாய், அது என்ன சொல்கிறது என்று எங்கேயும் எழுதவில்லையே" என்றார். திரும்பிப் பார்த்தால் உண்மை. "ஜனவரியில் இவ்வளவு, பிப்ரவரியில் இவ்வளவு" என்று பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் உதவும், ஏனென்றால் அதன் முதல் தாளில் 50 கேள்வி, பாடத்திட்டத்தில் பத்து அலகு, அதில் ஒரு அலகு முழுக்கத் தரவு விளக்கம்தான்.

நான் செய்த முதல் காரியம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியது. அப்போது ஐப்பசி, கடலூரில் மழை தொடங்கியிருந்தது. தினமும் பேப்பரில் வரும் மழை அளவை எழுதி வைப்பது, பத்து நாளுக்கு ஒரு முறை அதை மூன்றே வரியில் சொல்வது, இவ்வளவுதான் பயிற்சி. கேட்க எளிதாக இருக்கிறது, முதல் பத்து நாளிலேயே திணறிப்போனேன். புரிவதற்காக ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பத்து நாள் மழை, மில்லிமீட்டரில்: 0, 0, 4, 0, 2, 0, 0, 62, 12, 0. மொத்தம் 80, சராசரி 8. "நாள் ஒன்றுக்குச் சராசரியாக 8 மி.மீ. மழை பெய்தது" என்று எழுதினால் கணக்கு சரி, ஆனால் படிப்பவர் மனசில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிய ஊர்தான் வரும். அப்படி ஒரு நாள்கூட அந்தப் பத்தில் இல்லை. சரி, இடைநிலை அளவு எடுக்கலாம் என்றால் அது 0. மழையே பெய்யாத ஊர் மாதிரி ஆகிவிடுகிறது. முகடும், அதாவது அதிக முறை வரும் எண்ணும், 0தான். மூன்று சராசரியும் கையை விரித்துவிட்டன.

அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்த எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டுதான்: மொத்தம் எவ்வளவு, அது எத்தனை நாளில் வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை மழை நாள் என்று எடுத்துக்கொள்கிறது. அப்படிப் பார்த்தால் 2 மி.மீ. பெய்த நாள் கணக்கில் வராது, மழை நாள் மூன்று. மொத்த மழையில் 62 மி.மீ., அதாவது முக்கால் பங்குக்கும் மேல், ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. அந்தப் பத்து நாளைப் பார்த்தவர் இப்படித்தான் சொல்வார்.

அதற்காக எல்லா அட்டவணைக்கும் இதே மாதிரி எழுதினால் போச்சு. அம்மா கடலூர் முதுநகரில் மீன் விற்பவர். அவர் ஒரு வாரம் கையில் மிஞ்சிய பணத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 600, 550, 700, 650, 0, 580, 2,400. சைபர் விழுந்த நாள் கடலுக்கு யாரும் போகாத நாள். 2,400 வந்த நாள் ஓட்டல்காரர் ஒருவர் கூடையில் இருந்த சங்கராவை அப்படியே மொத்தமாக எடுத்துக்கொண்டார். கூட்டினால் 5,480, ஏழால் வகுத்தால் 783 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நோட்டை மூடி வைத்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவும்மா கிடைக்கும்?" என்று கேட்டேன். செதில் சீவிய கத்தியைக் கழுவிக்கொண்டே, "ஏதோ அறுநூறு பார்க்கலாம்" என்றார்.

ஏழு எண்ணையும் ஏறுவரிசையில் அடுக்குங்கள்: 0, 550, 580, 600, 650, 700, 2,400. நடுவில் நிற்பது 600. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுக்கு மேல் போகாத என் அம்மா இடைநிலை அளவைச் சொல்லிவிட்டார். 783 என்ற சராசரியைத் தாண்டிய நாள் அந்த வாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்த எண்ணை நம்பி வீட்டுச் செலவுக்குத் திட்டம் போட்டால் ஆறு நாள் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் வாரக் கடைசியில் சீட்டுப் பணம் கட்ட எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கேட்டால், அதற்கு மொத்தம் 5,480தான் வேண்டும், 600 உதவாது. ஆக, எந்த அளவு சரி என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது. கணக்கு போடத் தொடங்கும் முன் "இதை வைத்து யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள்" என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

விலகி நிற்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அதை நீக்கிவிட்டுச் சராசரி எடு" என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்துப் பிழையால் வந்த எண் என்றால் நீக்கலாம். மழையில் அப்படிச் செய்தால் முக்கியமான நாளையே தூக்கி எறிகிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. ஊரின் ஆண்டு மழையே ஏறக்குறைய 130 செ.மீ.தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில். இதை விட்டுவிட்டு அந்த ஆண்டைப் பற்றி என்ன எழுதினாலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மழையைக் காலை 8.30க்கு அளந்து அந்தத் தேதியில் பதிவு செய்வதால், நவம்பர் 30ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்த மழை டிசம்பர் 1ஆம் தேதிக் கணக்கில் போய்ச் சேர்கிறது. மாதவாரி அட்டவணையை மட்டும் பார்த்து "நவம்பரில் புயல் பாதிப்பு இல்லை" என்று எழுதினால் எவ்வளவு பெரிய தப்பு! அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பை நான் முதலில் படிப்பது இதனால்தான்.

எண் மாதிரி தெரியும், ஆனால் எண் இல்லை என்று ஒரு வகை உண்டு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது சுலபமாகப் புரியும். 5ஆம் எண் கூண்டு என்றால் புயல் துறைமுகத்துக்கு ஒரு பக்கமாகக் கடக்கும், 6 என்றால் மறுபக்கமாக, 7 என்றால் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10க்கும் இதே முறை, புயல் மட்டும் இன்னும் கடுமையானது. 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இப்போது யாராவது 5ஐயும் 7ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துச் "சராசரிக் கூண்டு 6" என்றால்? புயலைத் தப்பான பக்கம் அனுப்பிவிட்டார். தரவரிசை, கருத்துக் கணிப்பில் வரும் 1 முதல் 5 வரையான விருப்ப எண் இவற்றுக்கெல்லாம் சராசரி கேட்டால் ஒரு முறை நின்று யோசியுங்கள். இடைநிலையும் முகடும் அங்கே பத்திரமானவை. கூண்டு மாதிரி திசையும் கலந்திருந்தால் முகடு மட்டும்தான்.

சதவீதத்தில் எனக்குப் போன மதிப்பெண்கள் அதிகம். "மார்ச் மாதத்தில் இயல்பைவிட 200 சதவீதம் அதிக மழை" என்று படித்தால் வெள்ளம் வந்த மாதிரி தோன்றும். இயல்பு 10 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பெய்தது 30 மி.மீ. அவ்வளவுதான். ஒப்பிடும் அடிப்படை எண் சின்னதாக இருந்தால் சதவீதம் ஊதிப்போகும். அப்புறம், பருவமழை இயல்பைவிட 12 சதவீதம் குறைவு என்று இருந்தால் உடனே "மழை பொய்த்தது" என்று எழுதாதீர்கள். வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பான மழைதான், குறைவு என்பது 20இல் தொடங்கி 59 வரை. 40 சதவீதம் 50 ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு, 25 சதவீத உயர்வு. இரண்டும் சரி, இரண்டும் ஒன்றல்ல. விடைத் தெரிவுகளில் இரண்டையுமே வைத்திருப்பார்கள்.

பரவலைப் பற்றிச் சுருக்கமாக. கடலோர ஊரில் ஐந்து நாள் பகல் வெப்பம் 33, 34, 33, 32, 33. உள்ளே தள்ளி இருக்கும் ஊரில் 29, 37, 35, 28, 36. இரண்டுக்கும் சராசரி 33 டிகிரி. வீச்சு, அதாவது மிக அதிகத்துக்கும் மிகக் குறைவுக்கும் உள்ள இடைவெளி, முதல் ஊரில் 2, இரண்டாவதில் 9. சராசரியை மட்டும் எழுதினால் இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும். இந்த இடத்தில் பலர் மாறுபாட்டுக் கெழுவையும் (திட்டவிலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது) போடுவார்கள். செல்சியஸ் வெப்பத்துக்கு அது பொருந்தாது, 0 டிகிரி என்பது "வெப்பமே இல்லை" என்ற சைபர் அல்லவே. திட்டவிலக்கத்தோடு நிறுத்துங்கள். மழைக்கும் ரூபாய்க்கும் கெழு தாராளமாகப் போடலாம்.

காரணம் சொல்லும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த மாதங்களில் வெயிலும் ஏறும், வஞ்சிரம் விலையும் ஏறும். இரண்டையும் பக்கத்தில் வைத்த அட்டவணையைப் பார்த்து "வெப்பம் கூடுவதால் மீன் விலை கூடுகிறது" என்று எழுதத் தோன்றும். படகு கரையில் நிற்பது அந்த அட்டவணையில் இல்லை. அதனால் "இரண்டும் சேர்ந்து உயர்கின்றன" என்று எழுதி அங்கேயே நிறுத்துவேன்.

நெட் தேர்வு அறையில் நான் செய்தது: தலைப்பு, அளவின் அலகு, ஆண்டு, அடிக்குறிப்பு இவற்றை வாசிக்காமல் கேள்விக்குள் போகமாட்டேன். செ.மீ.யா மி.மீ.யா என்பதில் பத்து மடங்கு போய்விடும். பட்டை வரைபடம் என்றால் செங்குத்துக் கோடு 0இல் தொடங்குகிறதா என்று பார்ப்பேன், 90இல் தொடங்கினால் 96இன் பட்டை 92இன் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாகக் கண்ணுக்குத் தெரியும். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் நீளமான வகுத்தல் வந்தால் தோராயமாகப் போட்டு, பக்கத்தில் இருக்கும் விடையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

விரித்து எழுதும் தாளுக்கு, மறுமுறை எழுதும் முன் என் நோட்டில் இருந்த கடைசிப் பயிற்சி இது. மேலே சொன்ன பத்து நாள் மழைதான்:

"பத்து நாளில் மொத்தம் 80 மி.மீ. மழை பதிவானது. ஏழு நாள் மழை நாளாக அமையவில்லை. எட்டாம் நாளில் மட்டும் 62 மி.மீ., அதாவது மொத்தத்தில் 77.5 சதவீதம் பெய்தது. நாள் சராசரி 8 மி.மீ. எனினும் மழை சில நாட்களிலேயே குவிந்திருப்பதால் அது எந்த ஒரு நாளையும் குறிக்காது. ஒரே பத்து நாள் விவரம் என்பதால் பருவம் முழுவதைப் பற்றி இதிலிருந்து கூற இயலாது."

ஐந்து வாக்கியம், எழுத ஏழு நிமிடம். மேடம் படித்துவிட்டுக் கடைசி வாக்கியத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, "இதை விட்டுவிடாதே" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.