மூன்றாவது நங்கூரம்

என் அமெச்சூர் வானொலி ஆண்டெனாக் கம்பத்தைக் கம்பி கட்டி இழுத்துப் பிடிக்கும் மூன்று நங்கூரங்களில், மூன்றாவதன் குழியும் ஒருவழியாக நேற்று கான்கிரீட் பார்த்துவிட்டது. மற்ற இரண்டும் ஒரே வார இறுதியில் முடிந்த வேலை. இது மட்டும் மூன்று வாரம் இழுத்தடித்தது.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் கம்பம் நட வழியில்லை. மாமனாரின் மூலை வீட்டுப் புல்தரையில்தான் 10 மீட்டர் கம்பம் நிற்கப்போகிறது. கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள் 9 மீட்டர் உயரத்தில் பிடிக்கும். நங்கூரங்கள் 6 மீட்டர் தள்ளி. கழிவுநீர்க் குழாய் போகும் பக்கத்தை வரைபடத்தில் பார்த்த பிறகே மண்வெட்டியைத் தொட்டோம்.

கம்பம் நிற்கும் நடு அடித்தளத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் கீழ்நோக்கி வரும் பாரம்தான் அதற்கு. காற்றோடு மல்லுக்கட்டுவது நங்கூரங்கள். சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் சுமத்ரா காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசும்போது, ஸ்டே கம்பி நங்கூரத்தின் கான்கிரீட் கட்டையை மேலேயும் கம்பத்தை நோக்கியும் இழுக்கும். மேலிழுப்புக்கு எடை வேண்டும். பக்க இழுப்பைத் தடுப்பது, கட்டைக்கு முன்னால் இருக்கும் கிளறாத மண்.

சரிந்தது அந்த மண்தான். ஒரு ராத்திரி மழையில் குழி பாதி நிரம்பி, கம்பத்தைப் பார்த்த சுவர் மட்டும் இடிந்து விழுந்திருந்தது. மண்ணைத் திரும்பப் போட்டுக் குத்தி இறுக்கினால் போதும் என்றான் மச்சான். போதாது. கிளறிய மண் கிளறிய மண்தான்.

இன்னொன்றும் உறுத்தியது. 60 செ.மீ. கனசதுரக் கட்டை 518 கிலோ. ஆனால் நம் ஊர் மழையில் சுற்றிலும் நீர் நின்றால், அது இடம்பெயர்க்கும் நீரின் 216 கிலோ கழிந்துவிடும், மிஞ்சுவது 302. அதனால் சரிந்த பக்கத்தைக் கெட்டியான செம்மண் வரும்வரை, இன்னும் 20 செ.மீ. வெட்டினேன். பலகை அடைக்காமல் மண் சுவரை ஒட்டியே ஊற்றினோம். இப்போது கட்டை 691 கிலோ, நீரில் மூழ்கினாலும் 400க்கு மேல். 25 கிலோ மூட்டை 26 போனது, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில்.

காத்திருந்த நாட்களில் தினமும் வாளியால் நீரை இறைத்தேன். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் போதும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

ஸ்டே கம்பியை மாட்டுவதற்காகக் கான்கிரீட்டில் பதிக்கும் கண் வைத்த கம்பி, கம்பத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கவேண்டும். நட்டமாக வைத்தால், கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒவ்வொரு காற்றுக்கும் வளைந்து வளைந்து முறியும். பிளைவுட்டில் 40 செ.மீ. கிடை, 60 செ.மீ. உயரம் என்று முக்கோணம் வெட்டி, கம்பியை அதன் சாய்வில் கட்டி, அடிப்பக்கத்தில் ரசமட்டம் வைத்தேன். 56 டிகிரி அச்சாக வந்தது.

கம்பி வாங்கிய கதை தனி. ஒரு கடையில் ஹாட் டிப் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) என்று சொல்லிப் பளபளவென்று மின்முலாம் பூசியதைக் கொடுத்துவிட்டார்கள். ஹாட் டிப் மங்கலாக, சாம்பல் நிறத்தில், விரலுக்குச் சற்றே சொரசொரப்பாக இருக்கும். ஜாலான் புசாரில் நான்கு கடை ஏறி இறங்கிய பிறகு 16 மி.மீ. கம்பி கிடைத்தது.

அடுத்து இடிதாங்கிக்குச் செம்பு பூசிய தரைக்கம்பிகள், அப்புறம் 40 மீட்டர் அலைவரிசைப் பேண்டுக்கு, தலைகீழ் V வடிவில் கம்பி ஆண்டெனா. வானொலியில் பேசக் காத்திருக்கும் சென்னை நண்பர்களிடம் தேதி கேட்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஏழு நாள் ஈரச்சாக்கு, 28 நாள் கழித்துத்தான் ஸ்டே கம்பியை முறுக்கி இறுக்குவேன். இன்று மாலை சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, மேல்பரப்பில் விட்ட சரிவில் நீர் வழிந்து ஓடுகிறது.