கண் தெளியும் வரை

மே 4
அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. சர்க்கரை இறங்கினால்தான் கண்புரை அறுவை என்று மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

மே 5
“பென்ஷன் வாங்குற வயசுல எதுக்கு தாத்தா கன்னடம்?” என்கிறாள் பேத்தி. வள்ளிமலைக்காகத்தான். அங்குள்ள சமணக் குகையைக் கங்க மன்னன் இராசமல்லன் ஏற்படுத்தியதைச் சொல்லும் கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. சிவமாரன் மகன் ஸ்ரீபுருஷன், அவன் மகன் ரணவிக்கிரமன், அவன் மகன் இராசமல்லன் என்று அதில் வம்சம் இறங்கிவருகிறது. கல்லூரியில் இருந்தவரை அச்சான பாடத்தை வைத்து வகுப்பெடுக்கத்தான் நேரம் இருந்தது. இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கும் இன்பம், முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

மே 7
வெறும் வயிற்றில் 188. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

மே 8
தூக்கம் வராத இரவில் விரிஞ்சிபுரம் கல்வெட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். விஜயநகரத் தேவராயன் காலம், சக ஆண்டு 1347, அதாவது கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டு. படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என எல்லாப் பிரிவினருக்குமாகக் கூடி, இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாகவே நடத்துவது என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ‘அந்தக் காலத்திலேயே வரதட்சணை ஒழிப்பா ஐயா?’ என்று ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு குரல் எழும். அது தடுத்தது பெண்ணைப் பெற்றவன் பொன் வாங்குவதை. வாங்கும் தகப்பனுக்கும் கொடுக்கும் மாப்பிள்ளைக்கும் அரச தண்டனை உண்டு, சாதி விலக்கும் உண்டு. பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று புரிந்த கணத்தில் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பாடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1890இல் பதிப்பித்த பாடம் அது. என் கண்டுபிடிப்பு அல்ல. இருந்தும், அதன் கீழே கையெழுத்திட்டவர்களின் ஊர்ப்பெயர்களை வட ஆர்க்காட்டு வரைபடத்தில் தேடிய நாள்கள் எனக்கே சொந்தம்.

மே 9
எரிச்சல். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மே 11
142. புதன்கிழமை இடக்கண் என்கிறார்கள்.

இராசமல்லனின் ‘ல்ல’ தொல்லை தருகிறது. தமிழில் பக்கத்தில் நிற்கும் இரண்டாம் எழுத்து கன்னடத்தில் முதலெழுத்தின் காலடியில் சிறியதாகத் தொங்குகிறது; புரை மூடிய கண்ணுக்கு அது கல்லின் பொரிவா எழுத்தா என்று தெரிவதில்லை. கைப்பேசியில் பெரிதாக்கினால் இன்னும் கலங்குகிறது. மருமகளை வாசிக்கச் சொன்னால், “எனக்கு அது கொக்கி மாதிரிதான் மாமா தெரியுது” என்கிறாள். பேத்தியிடம் கன்னட எழுத்து அட்டையைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். ‘க’ வரிசை முடித்துவிட்டாள், ‘ச’வில் இருக்கிறாள்.